ஹனோயிலிருந்து மேகாங் வரை: திட்டமும் சந்தையும் மோதிய பாதை

வியட்நாமின் வடக்கு–தெற்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர் நீளமானது. பிரெஞ்சு ஆட்சியில் 1936-ல் கட்டி முடிக்கப்பட்ட இது ஹனோயில் தொடங்கி, இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில் முடிகிறது. பொருளாதாரத்தை அரசு திட்டமிட்டு நடத்த வேண்டுமா, சந்தையின் போக்கில் விட வேண்டுமா என்ற விவாதம் நிலத்தில் எப்படி நடந்தது என்று காண விரும்புவோருக்கு இந்தப் பாதை மிகவும் பொருத்தமானது. 1954 முதல் 1975 வரை வடக்கே திட்டமும் தெற்கே சந்தையும் நடந்தன. அடுத்த பத்தாண்டு நாடு முழுவதும் திட்டம் நடந்தது. 1986-க்குப் பின் நாடு முழுவதும் சந்தைக்கு வழி திறந்தது. இத்தனைக்கும் மக்களும் மொழியும் நெற்பயிரும் ஒன்றே.

ஏட்டளவில் இந்த விவாதம் பழையது. உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையானால் அவற்றுக்குச் சந்தை விலை இருக்காது, விலை இல்லாத இடத்தில் லாபத்தையும் விரயத்தையும் கணக்கிட வழியில்லை என்று 1920-ல் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் வாதிட்டார். திட்டக் குழுவே விலையை வைத்து, தட்டுப்பாடு வந்தால் ஏற்றியும் சரக்கு தேங்கினால் இறக்கியும் சரிசெய்யலாம் என்று 1930-களில் ஆஸ்கார் லாங்கே மறுத்தார். கோடிக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை எந்த அலுவலகமும் திரட்ட முடியாது, விலை ஒன்றே அதைத் திரட்டுகிறது என்று 1945-ல் ஃபிரீட்ரிக் ஹயெக் எழுதினார்.

அதே 1945-ல் வட வியட்நாம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. ஜப்பானியப் படைக்காகவும் பிரெஞ்சு நிர்வாகத்துக்காகவும் நெல் கட்டாயமாகப் பறிக்கப்பட்டது. நெல் வயல்களில் சணல் பயிரிட உத்தரவு வந்தது. நேச நாடுகளின் குண்டுவீச்சில் இதே ரயில் பாதை துண்டிக்கப்பட்டதால் தெற்கே மிஞ்சிய அரிசி வடக்கே வந்து சேரவில்லை. இறந்தோர் 4 லட்சம் என்போரும் உண்டு, 20 லட்சம் என்போரும் உண்டு. அரசே உணவைப் பங்கிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் ஆழப் பதிந்ததற்கு இந்தச் சாவுகளே காரணம். வியட்நாமியர் திட்டத்தை ஏன் நம்பினார்கள் என்பதை இந்தப் பஞ்சத்தை விட்டுவிட்டு விளக்க முடியாது.

வின் யென்: மணியோசைக்கு உழைத்த வயல்கள்

ஹனோய்க்கு வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில், சீன எல்லையை நோக்கிச் செல்லும் கிளைப் பாதையில் வின் யென் நகரம் இருக்கிறது. சுற்றிலும் செவ்வாற்றுப் படுகையின் சிறு சிறு வயல்கள். வயலின் நடுவே முன்னோரின் கல்லறைகள் வெள்ளையாகத் தெரியும். 1953 முதல் 1956 வரை நடந்த நிலச் சீர்திருத்தம் நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுத்தது. கூடவே பொய்க் குற்றச்சாட்டுகளும் மரண தண்டனைகளும் வந்தன. தவறு நடந்ததை அரசு ஒப்புக்கொண்டது. ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர் துருவோங் சின் 1956-ல் பதவி விலகினார். கிடைத்த நிலம் உழவர் கையில் நெடுநாள் இருக்கவில்லை. 1960 முடிவதற்குள் வடக்கின் உழவர் குடும்பங்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் கூட்டுறவுப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டன.

பண்ணையில் காலையில் தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். வேலைக் குழுக்கள் வயலுக்குப் போகும். அன்றைய உழைப்புக்கு மதிப்பெண் எழுதப்படும். அறுவடைக்குப் பின் வரி, அரசுக் கொள்முதல், பண்ணைச் செலவு எல்லாம் போக மிஞ்சிய நெல் மதிப்பெண்படி பங்கிடப்படும். களை வேரோடு வந்ததா, வரப்பில் நண்டு வளை அடைபட்டதா என்று பார்க்க ஆள் இல்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. குடும்பங்கள் சொந்தமாகப் பயிரிட, பண்ணை நிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு விடப்பட்டிருந்தது. அந்தத் துண்டு நிலத்தில் காய்கறி செழித்தது, பன்றியும் கோழியும் கொழுத்தன. உழைப்பவர் அதே ஆட்கள்தான் என்பதால், சோம்பேறித்தனம் என்று சொல்லி இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

இதைக் கண்ணெதிரே பார்த்தவர் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் ஙோக். போர் நடந்துகொண்டிருந்த 1966-ல், பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒப்பந்த அளவுக்கு மேல் விளைவது உழைத்தவருக்கே என்று மாகாண அளவில் முடிவெடுத்தார். விளைச்சல் கூடியது. 1968-ல் துருவோங் சின் நேரில் கண்டித்தார், ஏற்பாடு நிறுத்தப்பட்டது, கிம் ஙோக் சுயவிமர்சனம் எழுத வேண்டி வந்தது. 1979-ல் அவர் இறந்தபோதும் அவர் சொன்னது சட்டமாகவில்லை. 1995-ல் அரசு அவருக்கு மறைவுக்குப் பிந்தைய விருது வழங்கியது. இன்று வின் யென்னில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். நாட்டுக்கு அரிசி தேவைப்பட்ட நேரத்தில் விளைவித்துக் காட்டிய மனிதரைக் குற்றவாளியாக நிறுத்தியது பெரும் அநீதி. அந்த அநீதியின் விலையை அடுத்த இருபது ஆண்டுகள் உழவர்கள் கொடுத்தார்கள்.

ஹனோய்: கூப்பன் காலம்

ஹனோயின் பழைய நகரில் இன்று நடைபாதையே சந்தை. சிறு பிளாஸ்டிக் முக்காலிகளில் அமர்ந்து காலை உணவு உண்போரைத் தாண்டி நடக்க இடம் தேட வேண்டும். 1986 வரை இந்தத் தெருக்களில் இந்த வணிகத்தில் பெரும்பகுதிக்கு அனுமதி இல்லை. அரிசி, இறைச்சி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் கூப்பனுக்குத்தான். சாதாரண அலுவலக ஊழியருக்கு மாதம் 13 கிலோ அரிசி. அதிலும் ஒரு பங்கு மரவள்ளியாகவோ கோதுமை மாவாகவோ வேறு முரட்டுத் தானியமாகவோ வரும். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 5 மீட்டர் துணி. பதவிக்கு ஏற்பக் கூப்பனும் தரம் பிரிக்கப்பட்டிருந்தது. தோன் டான் தெருவில் இருந்த கடை மேல்மட்டத் தலைவர்களுக்கு மட்டுமே. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட எழுந்த ஏற்பாட்டுக்குள் இப்படி வரிசைக்கு ஒரு வரிசை உருவானது.

விடியுமுன் வரிசை தொடங்கும். நிற்க முடியாதவர் பெயர் எழுதிய செங்கல்லையோ கிழிந்த கூடையையோ தமக்குப் பதிலாக வைத்துவிட்டுப் போவார். அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவரின் முகம் துயரத்துக்கு உவமையாகப் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் குளியலறையில் பன்றி வளர்த்தார்கள். சம்பளத்தைவிடப் பன்றி கூடுதலாகத் தந்தது. 2006-ல் ஹனோயின் இனவியல் அருங்காட்சியகம் அக்காலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தபோது, கூப்பன்களையும் சைக்கிள்களையும் தேய்ந்த சமையல் பாத்திரங்களையும் பார்க்கப் பெருங்கூட்டம் வந்தது. பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்கு ஒவ்வொன்றையும் விளக்கினார்கள்.

வின்: திட்டம் கட்டிய நகரம்

ரயில் தெற்கே நாம் தின்னைக் கடந்து செல்கிறது. ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த நெசவாலை இருந்த ஊர் அது. அதற்கப்பால் வரும் வின் நகரை அமெரிக்க விமானக் குண்டுகள் தரைமட்டமாக்கின. 1974 முதல் 1980 வரை கிழக்கு ஜெர்மனியின் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் உள்ளூர்த் தொழிலாளருடன் சேர்ந்து அதை மீண்டும் எழுப்பினார்கள். குவாங் துருங் குடியிருப்பின் ஐந்து மாடிக் கட்டடங்கள் அந்தக் காலத்தவை. கூரை ஓட்டை, வெடிப்பு, மேல்மாடிக்கு ஏறாத தண்ணீர் எனக் குறைகள் சேர்ந்தன. வாடகை பெயரளவுக்கே இருந்ததால் பழுதுபார்க்கப் பணம் இல்லை. 1986-க்குப் பின் தரைத்தளச் சுவர்களை உடைத்து மக்கள் கடை திறந்தார்கள், பால்கனிகளைக் கம்பியடித்து அறையாக்கினார்கள். அண்மை ஆண்டுகளில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயர்ந்த கோபுரங்கள் எழுகின்றன.

இடிபாட்டில் நின்ற மக்களுக்கு எந்தத் தனியார் நிறுவனமும் அந்த விரைவில் வீடு கட்டித் தந்திருக்காது. அவர்களிடம் கொடுக்கப் பணம் ஏது? தேவை ஒன்றாக, வெளிப்படையாக, எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது திட்டம் வேலை செய்தது. பல ஆயிரம் குடும்பங்களின் வெவ்வேறு தேவைகளை அன்றாடம் கவனிக்க வேண்டிய கட்டம் வந்ததும் அது தடுமாறியது.

மலையோர மின்பாதையும் குவாங் ஙாய் ஆலையும்

ஹுவே நகரைத் தாண்டியதும் ரயில் ஹாய் வான் கணவாயில் ஊர்ந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நேர் கீழே கடல். ரயிலிலிருந்து தெரியாத இன்னொரு நெடும்பாதை மேற்கே மலைத்தொடரையொட்டி ஓடுகிறது. அது 1,487 கிலோமீட்டர் நீளமுள்ள 500 கிலோவோல்ட் மின்பாதை. சோவியத் உதவியுடன் வடக்கே கட்டப்பட்ட ஹோவா பின் அணையில் மின்சாரம் மிஞ்சியது. தொழில் பெருகிய தெற்கில் மின்வெட்டு. அப்போதைய பிரதமர் வோ வான் கியெட், வல்லுநர்கள் பலர் தயங்கியும் பணியைத் தொடங்கினார். 1994 மே மாதம் மின்சாரம் தெற்கே பாய்ந்தது. திட்டக் காலத்தில் தொடங்கிய அணை சந்தைக் காலத்துத் தொழிற்சாலைகளை ஓட வைத்தது.

குவாங் ஙாய் மாகாணத்தின் ஜுங் குவாட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கதை வேறு. கச்சா எண்ணெய் கிடைத்தது தெற்கே வுங் தாவ் கடலில். பெரிய நகரமும் அங்கேதான். ஆனாலும் பின்தங்கிய நடுப்பகுதியை வளர்க்க வேண்டும் என்று அரசு 1994-ல் இந்த இடத்தைத் தேர்ந்தது. இடத்தேர்வு ஆதாயம் தராது என்று பிரான்சின் டோட்டல் நிறுவனம் 1995-ல் விலகியது. ஆலை 2009-ல்தான் இயங்கத் தொடங்கியது, செலவு ஏறத்தாழ 300 கோடி டாலர். குவாங் ஙாய்க்கு வேலையும் வரி வருவாயும் கிடைத்தன. ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அதே பணம் சாலையாகவும் பள்ளியாகவும் அப்பகுதிக்கு என்ன செய்திருக்கும் என்ற கேள்வி நியாயமானது. மின்பாதைக்குத் தேவை கண்ணெதிரே இருந்தது. ஆலையில் விருப்பமே கணக்கின் இடத்தைப் பிடித்தது.

சைகோன்: வேலி உடைத்தவர்கள்

நகரத்தின் பெயர் மாறினாலும் கடைசி நிலையத்துக்கு இன்றும் சைகோன் என்றே பெயர். நகரின் நடுவே துருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. இப்போது வியட்நாமியரும் சீனரும் அங்கே பெருமளவில் வழிபடுகிறார்கள். பிரெஞ்சுக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே தொழில் நடத்தி, மேகாங் படுகையின் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் கட்ட முடியாத நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கட்டற்ற சந்தை என்றால் தெற்கின் உழவருக்கு நினைவுக்கு வந்தது இதுவே.

தெற்குக்கும் திட்டம் வந்தபின், 1978 மார்ச் 23 அன்று சோலோன் உள்ளிட்ட வணிகப் பகுதிகளில் தனியார் கடைகளும் கிடங்குகளும் ஒரே நாளில் முற்றுகையிடப்பட்டுச் சரக்கு கணக்கெடுக்கப்பட்டது. பெருவணிகம் அரசிடம் போனது. சீன வம்சாவளியினர் பல்லாயிரக்கணக்கில் படகேறி நாட்டை விட்டுப் போனார்கள். நெல்லை ஆலைக்கும் அரிசியை நகருக்கும் கொண்டு சேர்த்த வலைப்பின்னல் அறுந்தது. ஆறுகளிலும் சாலைகளிலும் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ஒரு மாவட்டத்தின் அரிசி அடுத்த மாவட்டத்துக்குப் போவதே கடத்தல் ஆனது. அரசின் கொள்முதல் விலை கிலோவுக்கு 0.52 டோங், வெளிச்சந்தையில் ஏறத்தாழ 2.50 டோங். உழவர்கள் விற்க மறுத்தார்கள். நாட்டின் நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பெருநகரம் பசித்தது.

நகரக் கட்சிச் செயலாளராக இருந்தவர் அதே வோ வான் கியெட். 1979-ல், பா தி என்று மக்கள் அழைத்த நுயென் தி ராவ் என்ற பெண்மணியின் பொறுப்பில், படுகைக்குப் போய்ச் சந்தை விலைக்கு அரிசி வாங்கிவர அவர் ஏற்பாடு செய்தார். அது சட்டமீறல். இதற்காகப் பா தி சிறைக்குப் போக நேர்ந்தால் தாமே சோறு கொண்டு வந்து தருவதாக கியெட் உறுதி சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். மத்திய அரசுக்கு எதிராக முழக்கமிடாமல், நிர்வாகத்துக்குள் இருந்துகொண்டே விதியை மீறிய இந்தச் செயல்களை வியட்நாமியர் வேலி உடைத்தல் என்றே குறிப்பிடுகிறார்கள். லாங் ஆன் மாகாணத்தில் செயலாளர் நுயென் வான் சின் கூப்பனை நிறுத்திவிட்டு, அரசுக் கடைகளில் சந்தை விலையை வைத்து, வித்தியாசத்தை ஊழியரின் சம்பளத்தில் சேர்த்தார். தான் காங் நெசவாலை வங்கியில் டாலர் கடன் வாங்கி நூல் இறக்கி, துணியை விற்றுக் கடனைத் தீர்த்தது. ஹாய் ஃபோங் பக்கத்துக் கூட்டுறவுகள் கிம் ஙோக்கின் முறையை இரகசியமாகத் தொடர்ந்தன. 1981 ஜனவரியில் வந்த நூறாம் எண் ஆணை அதில் ஒரு பகுதியைச் சட்டமாக்கியது.

1983 ஜூலையில் சைகோன் ஆலை மேலாளர்கள் டா லாட் மலைநகரில் கூடி, ஓய்வுக்கு வந்திருந்த துருவோங் சின்னிடம் கணக்கோடு விளக்கினார்கள். அவர் கேட்டார், பின்னர் ஆலைகளையும் ஊர்களையும் நேரில் போய்ப் பார்த்தார். 1985-ல் விலை, கூலி, நாணயம் மூன்றையும் ஒன்றாக மாற்றிய முயற்சி தோற்றது. 1986-ல் பணவீக்கம் 774 விழுக்காட்டை எட்டியது. அந்த ஜூலையில் கட்சியின் பொதுச் செயலாளர் லே துவான் இறக்க, துருவோங் சின் மீண்டும் அந்தப் பதவிக்கு வந்தார். 1968-ல் கிம் ஙோக்கைக் கண்டித்த அதே மனிதர், டிசம்பரில் கூடிய கட்சியின் ஆறாவது மாநாட்டுக்கான அறிக்கையைச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பி எழுதச் செய்து, நுயென் வான் லின்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். எழுபத்தொன்பது வயதில் வாழ்நாள் கொள்கையை உண்மைக்காக மாற்றிக்கொண்டது போற்றத்தக்கது. டோய் மோய் எனப்படும் சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்குகிறது.

கன் தோ: படகில் தொங்கும் சரக்கு

சைகோனுக்குத் தெற்கே ரயில் இல்லை. மேகாங் படுகைக்குச் சாலைதான். கன் தோ நகருக்கருகே காய் ராங் மிதவைச் சந்தையில் விடியற்காலையில் படகுகள் கூடுகின்றன. ஒவ்வொரு படகிலும் ஒரு நீண்ட மூங்கில் கழி; அதன் நுனியில் அந்தப் படகு விற்கும் பொருள் தொங்கும். அன்னாசி, பூசணி, முட்டைக்கோஸ் எதுவானாலும் தூரத்திலிருந்தே தெரியும். வாங்குபவர் நேரே அந்தப் படகுக்குத் துடுப்புப் போடுகிறார். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் தொகுத்துத் தராமலே வாணிபம் முடிகிறது. ஹயெக் சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

ஆனால் இந்தப் படுகையின் செழிப்பைச் சந்தை மட்டும் உண்டாக்கவில்லை. 1970-களின் கடைசியில் புகையான் பூச்சி நெற்பயிரை அழித்தபோது, கன் தோ பல்கலைக்கழகத்தின் வோ தோங் சுவான் பிலிப்பைன்சின் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.36 விதையைச் சிறிதளவு வரவழைத்தார். பல்கலைக்கழகத்தை மூடி, மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி, குத்துக்கு ஒரே நாற்று நடக் கற்றுக்கொடுத்து, விதையைப் பெருக்கினார். பூச்சியைத் தாங்கும் பயிர் சில பருவங்களில் படுகை முழுவதும் பரவியது. இந்த வேலையில் லாபக் கணக்கும் இல்லை, மத்திய ஆணையும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகமும் பொது ஆராய்ச்சியும் அதைச் செய்தன.

1988 ஏப்ரலில் வந்த பத்தாம் எண் தீர்மானம் உழவர் குடும்பத்தையே சாகுபடியின் அலகாக ஏற்றது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வடக்கின் பல மாகாணங்கள் பசியில் இருந்தன. நாடு அரிசியை இறக்குமதி செய்தது. 1989-ல் இரட்டை விலை ஒழிந்தது, நாணய மாற்று விகிதம் ஒன்றாக்கப்பட்டது, சேமிப்புக்கு மாதம் 12 விழுக்காடு வரை வட்டி தந்து பணவீக்கம் அடக்கப்பட்டது. அதே ஆண்டு வியட்நாம் ஏறத்தாழ 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. 1993-ல் 58 விழுக்காடாக இருந்த வறுமை 2008-ல் 14.5 விழுக்காடாகக் குறைந்தது.

இந்த ஏற்றத்துக்குப் பின்னால் இரண்டு காலங்களும் இருக்கின்றன. வடக்கில் பண்ணை நிலம் பிரிக்கப்பட்டபோது குடும்பத்தின் தலைக்கணக்குப்படி ஏறக்குறைய சமமாகவே பிரிக்கப்பட்டது, அதனால் சந்தையின் வரவு பரவலாகச் சேர்ந்தது. எழுத்தறிவு ஏற்கெனவே எண்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. மறுபக்கம், பண்ணைகள் கலைந்ததும் அவை நடத்திய ஊர் மருத்துவ நிலையங்கள் வருவாயின்றி நலிந்தன. 1989-ல் மருத்துவமனையிலும் பள்ளியிலும் கட்டணம் வந்தது. அரசு நிறுவனங்களின் எண்ணிக்கை 12,000-த்திலிருந்து சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எஞ்சிய பெரும் அரசு நிறுவனங்களும் பொறுப்போடு நடந்துவிடவில்லை. வினாஷின் கப்பல் கட்டும் குழுமம் கண்டதெல்லாம் வாங்கி, 2010-ல் 400 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு சரிந்தது.

நிலம்: தீராத கேள்வி

1993-ன் நிலச் சட்டம் உழவருக்கு ஐந்து உரிமைகளைக் கொடுத்தது: மாற்றித்தர, கைமாற்ற, குத்தகைக்கு விட, வாரிசுக்கு வைக்க, அடகு வைக்க. நெல் நிலத்துக்கு 20 ஆண்டு தவணை. 2013-ன் சட்டம் அதை 50 ஆண்டாக்கியது. ஆனால் நிலம் முழு மக்களின் உடைமை, அரசு அதை நிர்வகிக்கிறது என்பது மாறவில்லை. வளர்ச்சித் திட்டம் என்று சொல்லி அரசு நிலத்தை எடுக்கும்போது இழப்பீட்டை அரசே வைக்கும். கட்டடம் எழுந்தபின் விற்பனை சந்தை விலைக்கு நடக்கும். சைகோன் ஆற்றின் எதிர்க்கரையில் து தியெம் பகுதிக்கு 1996-ல் புதுநகரத் திட்டம் வகுக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டோர் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். திட்ட எல்லைக்கு வெளியே 4.3 ஹெக்டேர் தவறாக எடுக்கப்பட்டதாக 2018-ல் அரசின் ஆய்வுத்துறையே முடிவு சொன்னது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய நிலச் சட்டம், அரசு வைத்திருந்த விலை வரம்பை நீக்கி, இழப்பீட்டைச் சந்தை விலைக்கு நெருக்க முயல்கிறது.

1979-ல் 0.52 டோங்குக்கு நெல் விற்க மறுத்த உழவருக்கும், குறைந்த இழப்பீட்டுக்கு வீட்டைக் காலி செய்ய மறுத்த து தியெம் குடும்பத்துக்கும் குறை ஒன்றே: விலையை வைத்தவருக்கு அவர்களின் மறுப்பைக் கேட்கும் கட்டாயம் இல்லை. நெல்லில் அந்த மறுப்பை அரசு பத்தாண்டுகளுக்குப் பின் ஏற்றது, வயிறுகள் நிறைந்தன. நிலத்தில் இன்னும் அரைகுறையாகவே ஏற்றிருக்கிறது.

அணையும் மின்பாதையும் விதை ஆராய்ச்சியும் பள்ளியும் பொது ஏற்பாடு இல்லாமல் எழுந்திருக்காது. எதை விதைப்பது, எவ்வளவு உழைப்பது, யாருக்கு விற்பது என்பதைக் குடும்பங்களிடமிருந்து பறித்த எல்லா ஆண்டுகளிலும் நாடு இழந்தது. வட்டிக்கும் வலியவர் கைக்கும் நிலத்தை விட்டுக்கொடுத்த பிரெஞ்சுக் காலச் சந்தையும் அதே மக்களைத்தான் வதைத்தது. வியட்நாமின் அனுபவத்திலிருந்து தேறும் முடிவு, தேவை பொதுவாகவும் வெளிப்படையாகவும் இருக்கும் இடத்தில் திட்டமும், தேவை வீட்டுக்கு வீடு வேறுபடும் இடத்தில் சந்தையும் பொருந்தும் என்பது. இரண்டிலும் எளியவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அதைக் கேட்டே ஆகவேண்டிய சட்டமும் இருக்க வேண்டும்.